கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

2012 செப்டம்பரில் லண்டன் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கத்தார் நாட்டைச் சேர்ந்த 49 வயது நோயாளி ஒருவர் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். நுரையீரலில் கடுமையான தொற்று. சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. 11ஆம் தேதி ஆம்புலன்ஸ் விமானத்தில் அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். வழக்கமாகச் சந்தேகப்படும் கிருமிகளையெல்லாம் தேடிப் பார்த்தாயிற்று. எதுவும் சிக்கவில்லை.

இது எதுவும் தெரியாமல் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் இன்னொருவர் இதே போன்ற ஒரு புதிருடன் இருந்தார். அலி முகமது ஜாக்கி, எகிப்தைச் சேர்ந்த வைரஸ் ஆய்வாளர். ஜூன் மாதம் அவருடைய மருத்துவமனையில் 60 வயது நோயாளி ஒருவர் நிமோனியாவாலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் இறந்துபோனார். அவருடைய சளி மாதிரியில் ஜாக்கி ஒரு கொரோனா வைரஸைக் கண்டார். நெதர்லாந்தின் எராஸ்மஸ் மருத்துவ மையத்துக்கு மாதிரியை அனுப்பினார். மனிதரிடம் அதுவரை யாரும் பார்த்திராத வைரஸ் அது என்று உறுதியானது. ஜாக்கி சில வரிகளில் ஒரு குறிப்பு எழுதி, நோய்ப் பரவல் செய்திகளை 1994 முதல் உலகெங்கும் மின்னஞ்சலில் அனுப்பிவரும் புரோமெட் சேவைக்குக் கொடுத்தார். செப்டம்பர் 20 அன்று அது வெளியானது.

லண்டனில் அந்தக் குறிப்பு கண்ணில் பட்டதும் முடிச்சு அவிழ ஆரம்பித்தது. கத்தார் நோயாளியும் சவூதி போய் வந்தவர்தான். பிரிட்டனின் பொதுச் சுகாதார ஆய்வகம் கொரோனா வைரஸைத் தேடியது, கிடைத்தது. அதன் மரபணுத் துண்டை ஜெட்டா வைரஸின் வரிசையோடு ஒப்பிட்டபோது 99.5 சதவீதம் பொருந்தியது. தேதி செப்டம்பர் 22. தனித்தனியாகப் பார்த்தால் விளங்காத இரண்டு நோயாளிகள், எல்லை தாண்டும் ஒரு புதிய நோயின் அடையாளங்களாக மாறினார்கள். பின்னாளில் மெர்ஸ் என்று பெயர் பெற்ற நோய் அது. ஜாக்கியின் முழுமையான ஆய்வுக் கட்டுரை மருத்துவ இதழில் வெளியானது அக்டோபர் 17 அன்று. அதற்கு முன்பே, சில வரி மின்னஞ்சல் தன் வேலையை முடித்துவிட்டது.

உயிர்க்கொல்லி வைரஸ் என்றால் எல்லோரும் அஞ்சலைத் திறந்து படிப்பார்கள். ஆனால் பொதுச் சுகாதாரத்தில் அன்றாடம் தேவைப்படும் ஆதாரம் இப்படிப் பரபரப்பானது இல்லை. எந்தத் தடுப்பூசிப் பிரசாரம் பலன் தருகிறது, புகையிலையை விட வைக்க எந்த ஆலோசனை உதவுகிறது, குழந்தைகளின் உடல் பருமனுக்குப் பள்ளியில் என்ன செய்யலாம் போன்ற கேள்விகளுக்கான பதில்களே அந்த ஆதாரம். பதில் ஆய்விதழில் அச்சாகியிருக்கும். முடிவெடுக்க வேண்டியவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். இந்த இடைவெளியின் விலை எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

குப்புறப் படுத்த குழந்தைகள்

1950-கள் தொடங்கி மேலை நாடுகளில் கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லி மருத்துவர்கள் பெற்றோருக்கு அறிவுரை கூறினார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்ன காரணம். குழந்தை வளர்ப்பில் அமெரிக்கத் தாய்மார்கள் வேதம்போல நம்பிய பெஞ்சமின் ஸ்பாக்கின் புத்தகமும் அந்தக் காலத்தில் அதையே சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் குப்புறப் படுக்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் அபாயம் அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டத் தொடங்கின. அவை ஆங்காங்கே சிதறிக் கிடந்தன.

2005-ல் ரூத் கில்பர்ட்டும் அவருடைய சகாக்களும் அந்தப் பழைய ஆய்வுகளையெல்லாம் தேடித் திரட்டி, ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். 1970-ஆம் ஆண்டு வாக்கிலேயே, இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருந்தால் ஆபத்து தெரிந்திருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பிரிட்டனில் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்ற பிரசாரம் 1991-ன் இறுதியில்தான் வந்தது, அமெரிக்காவில் 1994-ல். பிரசாரம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பிரிட்டனில் இத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. முன்பே விழித்துக்கொண்டிருந்தால் பிரிட்டனில் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கக்கூடும் என்று அந்தக் குழு மதிப்பிட்டது.

புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. சிதறியதை ஒருவர் திரட்டியிருக்க வேண்டும். திரட்டியதை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். இவ்வளவுதான் குறை.

வெள்ளத்தை வடிகட்டும் ஊர்

முதல் வேலையான திரட்டலுக்கு இன்று நல்ல வழிமுறை இருக்கிறது. ஒரே கேள்வியை ஆராய்ந்த எல்லா ஆய்வுகளையும் விதிப்படி தேடியெடுத்து, தரம் பார்த்து, கூட்டுமொத்தமாக அவை சொல்வது என்ன என்று எழுதுவதைத் தொகுப்பாய்வு என்கிறார்கள். 1993-ல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் முழுநேர வேலையே இதுதான். நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதன் தெற்காசியப் பிரிவு இயங்கியது.

சிக்கல், தொகுப்பாய்வுகளே குவிந்துவிட்டன. நாளொன்றுக்கு 75 மருத்துவச் சோதனைகளும் 11 தொகுப்பாய்வுகளும் வெளியாகின்றன என்று 2010-ல் ஒரு கட்டுரை கணக்கிட்டுச் சொன்னது. மாவட்டச் சுகாதார அலுவலர் ஒருவர் தன் மற்ற வேலைகளையெல்லாம் போட்டுவிட்டுப் படித்தாலும் தீராது.

கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி செய்தது. சுமார் 120 மருத்துவ இதழ்களைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் பக்கம் விடாமல் படிக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் கறாரான கேள்விகள். சிகிச்சை பற்றிய ஆய்வு என்றால், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா? சேர்ந்தவர்களில் குறைந்தது 80 சதவீதம் பேரைக் கடைசிவரை தொடர்ந்து கவனித்தார்களா? அளந்த விளைவு நோயாளிக்கு முக்கியமான ஒன்றா? இந்தத் தேர்வில் தேறுபவை சுமார் 3,000 மட்டுமே.

வேலை அதோடு முடிவதில்லை. தேறியவை அந்தந்தத் துறையில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களிடம் போகின்றன. 'என் வேலைக்கு இது பொருந்துமா, இதில் எனக்குத் தெரியாத சேதி உண்டா' என்று ஏழு புள்ளி அளவுகோலில் அவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவை மட்டும், அந்தத் துறையைத் தனக்கு வேண்டும் என்று குறித்து வைத்தவருடைய மின்னஞ்சலுக்குப் போகின்றன. 50,000 கட்டுரைகளில் ஒரு மருத்துவரின் கைக்கு வந்து சேர்பவை ஒரு சிறு கட்டுதான்.

மருத்துவருக்கு இது சரி. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிக்காக அவர் தனியாக முடிவெடுக்கிறார். பொதுச் சுகாதார அலுவலரின் நிலை வேறு. இன்னும் நோய் வராதவர்களுக்காக அவர் முடிவெடுக்கிறார். அதையும் தனியாக எடுப்பதில்லை. மேலதிகாரி, நிதிப் பிரிவு, உள்ளாட்சி உறுப்பினர்கள், பள்ளி நிர்வாகம் என்று கோப்பு பல மேசைகளைத் தாண்ட வேண்டும். இத்தகைய அலுவலகத்துக்குள் ஆராய்ச்சியை எப்படி நுழைப்பது?

108 அலுவலகங்களில் ஒரு சோதனை

அதே மெக்மாஸ்டரில் நர்சிங் பேராசிரியரான மொரீன் டாபின்ஸ் இந்தக் கேள்வியையே ஒரு சோதனையாக ஆக்கினார். மருந்தைச் சோதிப்பதுபோலத் தகவலை அனுப்பும் முறையைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு. 2004 முதல் 2006 வரை நடந்த அந்த ஆய்வில், கனடாவின் 141 பொதுச் சுகாதாரத் துறை அலுவலகங்களில் 108 கலந்துகொண்டன. எடுத்துக்கொண்ட விஷயம், குழந்தைகளின் உடல் எடையை ஆரோக்கியமான அளவில் வைத்திருப்பது.

அலுவலகங்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு, தரம் பார்த்த தொகுப்பாய்வுகள் அடங்கிய இணையப் பதிவேட்டைத் திறந்துவிட்டார்கள். வேண்டியவர் போய்த் தேடிக்கொள்ளலாம். இரண்டாம் பிரிவுக்குப் பதிவேட்டோடு மின்னஞ்சல்களும் வந்தன. குழந்தைகளின் எடை பற்றி முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவரின் பெயருக்கே, அந்த விஷயத்தைப் பற்றிய தொகுப்பாய்வுகள், எளிய நடையில் சுருக்கத்துடன், வாரந்தோறும் சீராக வந்து சேர்ந்தன. மூன்றாம் பிரிவுக்கு இவை இரண்டும் உண்டு; கூடவே ஒரு ஆளும் உண்டு. ஆராய்ச்சிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நின்று, படித்துக் காட்டி, பயிற்சி கொடுத்து, சந்தேகம் தீர்த்து வைக்கும் நிபுணர்.

எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் பெரும்பாலோர் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். மனிதர் நேரில் உதவுவதைவிட மின்னஞ்சல் உசத்தியா என்ன?

2009-ல் முடிவுகள் வெளியாயின. முதன்மைக் கேள்வி, 'அண்மையில் எடுத்த முடிவில் ஆராய்ச்சியை எவ்வளவு பயன்படுத்தினீர்கள்' என்பது. அதில் மூன்று பிரிவுகளுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதை மறைக்கக் கூடாது. இரண்டாம் கேள்வி, ஆதாரமுள்ள திட்டங்கள் எத்தனை அந்த அலுவலகத்தில் நடைமுறையில் இருக்கின்றன என்பது. இதில் ஒரே ஒரு பிரிவில்தான் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது: குறிப்பிட்டவருக்கு, குறிப்பிட்ட விஷயம் பற்றி மின்னஞ்சல் அனுப்பிய பிரிவு. பதிவேட்டைத் திறந்துவிட்டதோ, ஆளை அனுப்பியதோ அதைச் சாதிக்கவில்லை.

இன்னொரு நுட்பமும் தெரியவந்தது. ஆராய்ச்சியை மதிக்கும் பழக்கம் ஏற்கெனவே ஊறிப்போன அலுவலகங்களுக்கு மின்னஞ்சலே போதுமானதாக இருந்தது. அங்கே இடையில் ஓர் ஆள் தேவைப்படவில்லை. அந்தப் பழக்கம் குறைவாக இருந்த அலுவலகங்களில்தான் நேரில் உதவும் நிபுணரால் நன்மை விளையும் போக்கு தென்பட்டது. ஆக, எந்த வழி சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பொருள் இல்லை. பெறுகிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மின்னஞ்சல் ஏன் எடுபட்டது என்று யோசித்தால் சில காரணங்கள் தோன்றுகின்றன. பதிவேட்டைத் தேடிப் போக வேண்டும். மின்னஞ்சல் தானே வந்து சேர்கிறது. வந்தது அங்கேயே கிடக்கிறது. மூன்று மாதம் கழித்து நிதிநிலைக் கூட்டம் நடக்கும் அன்று தேடியெடுக்கலாம். மேலதிகாரிக்கு ஒரு வரி சேர்த்து அப்படியே அனுப்பலாம். மேசை மேசையாக நகரும் கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

வானத்தில் ஒரு தபால்காரர்

வசதி மிகுந்த கனடாவில் இது நடந்தது. ஆனால் மின்னஞ்சலின் உண்மையான அதிசயத்தைப் பார்க்க வேண்டுமென்றால், வசதி இல்லாத இடத்துக்குத்தான் போக வேண்டும்.

அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மின்னஞ்சலுக்கு இல்லை. ஒரு கணினி வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்ததற்கு வழி கிடைக்கும்போது கொடுக்கும். அமெரிக்க இதயநோய் மருத்துவர் பெர்னார்ட் லோன் 1980-களின் இறுதியில் தொடங்கிய சாட்டலைஃப் என்ற அமைப்பு இந்தக் குணத்தை விண்வெளிக்குக் கொண்டுபோனது. அன்றைக்கு ஆப்பிரிக்காவின் பல மருத்துவக் கல்லூரிகளில் தொலைபேசி இணைப்பே சரியாக இல்லை. ஆய்விதழ் வாங்கப் பணமும் இல்லை. பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகம் வடிவமைத்த, 50 கிலோவுக்கும் குறைவான எடை கொண்ட சிறு செயற்கைக்கோள்கள் உதவிக்கு வந்தன. அவற்றில் ஹெல்த்சாட்-2 1993 செப்டம்பரில் ஏவப்பட்டது.

சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒருமுறை அது பூமியைத் துருவம் துருவமாகச் சுற்றியது. கீழே பூமி சுழல்வதால், ஒவ்வொரு ஊரின் தலைக்கு மேலும் நாளுக்குச் சில முறை வந்துபோகும். ஒவ்வொரு முறையும் பார்வையில் படுவது கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் தரையில் உள்ள சிறு நிலையம் தன் அஞ்சல்களை மேலே ஏற்றிவிட்டு, தனக்கு வந்தவற்றை இறக்கிக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ப் பையை வாங்கிப் பையைக் கொடுக்கும் தபால்காரர் போலத்தான் அந்தச் செயற்கைக்கோள் வேலை பார்த்தது. முன்னணி மருத்துவ இதழ்களின் கட்டுரைச் சுருக்கங்கள் இப்படி வாரந்தோறும் வந்து இறங்கின. பிறகு வந்த இன்னொரு சேவை இன்னும் சாமர்த்தியமானது. இணையப் பக்கத்தைத் திறக்க முடியாத இடத்திலிருந்து, அதன் முகவரியை மட்டும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால், அந்தப் பக்கத்தில் உள்ள எழுத்துகள் பதில் அஞ்சலாக வந்து சேரும்.

படம் இல்லை, நிறம் இல்லை, வெறும் எழுத்து. அதனால்தான் அது மெல்லிய இணைப்பு வழியாகவும் நுழைந்தது.

ஒரு மின்னஞ்சலைப் பிரித்துப் பார்ப்போம்

ஆதாரம் சுமந்து வரும் மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும்? டாபின்ஸின் குழுவே செய்த இன்னொரு வேலையை எடுத்துக்கொள்வோம். பள்ளிகளில் நடத்தும் உடற்பயிற்சித் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்று 6 முதல் 18 வயது வரையிலான மாணவர்களைப் பற்றி அவர்கள் செய்த தொகுப்பாய்வு 2013-ல் புதுப்பிக்கப்பட்டது. 44 ஆய்வுகள்; 36,593 மாணவர்கள். அறிக்கை நூறு பக்கத்துக்கு மேல் நீளக்கூடியது. அதை அலுவலர் ஒருவருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

'புதிய தொகுப்பாய்வு வெளியீடு' என்று தலைப்பு வைத்தால் யாரும் திறக்கமாட்டார்கள். 'பள்ளி உடற்பயிற்சித் திட்டம்: பிள்ளைகள் கூடுதல் நேரம் ஓடியாடுகிறார்கள், எடை குறையவில்லை' என்று வைக்கலாம். திறக்காமலே சேதி போய்ச் சேர்ந்துவிடும். அடுத்து இரண்டு வரி: தொலைக்காட்சி பார்க்கும் நேரம் குறைந்தது, உடல் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது, உயரத்துக்கேற்ற எடைக் குறியீட்டில் பொதுவாக மாற்றம் இல்லை. அதற்கடுத்து, எத்தனை ஆய்வுகள், எவ்வளவு நம்பலாம் என்று ஒரு வரி. முடிவில், முழு அறிக்கைக்கான இணைப்பு. கைப்பேசியின் ஒரு திரைக்குள் அடங்கிவிடும்.

இதிலுள்ள எதிர்மறைச் சேதியைக் கவனியுங்கள். எடையைக் குறைக்கத் திட்டம் போடும் அலுவலருக்கு 'எடை குறையவில்லை' என்பதுதான் மிக முக்கியமான தகவல். பணத்தை வேறெங்கே போடலாம் என்று அவர் யோசிக்க அது உதவும். நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்பும் அஞ்சல் விளம்பரமாகத்தான் இருக்கும்.

ஆனால் கதை இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது. அதே தொகுப்பாய்வு 2021-ல் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. இப்போது 89 ஆய்வுகள், 66,752 மாணவர்கள். கூடுதல் நேரம் ஓடியாடுகிறார்கள் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஓரளவு தீவிரமான உடற்பயிற்சியில் ஈடுபடும் நேரம் கூடுவது மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை என்பது புதிய முடிவு. உடல் திறன் கூடலாம் என்ற அளவில் மட்டும் நம்பிக்கை நின்றது. 2013-ன் அஞ்சல் யாருடைய இன்பாக்ஸிலாவது கிடந்தால், இன்றைக்கும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கும். அஞ்சல் அனுப்புவதோடு பொறுப்பு முடிவதில்லை; முடிவு மாறினால், முன்பு எழுதிய அதே ஆளுக்கு மறுபடி எழுத வேண்டும்.

பூட்டிய கதவுகள்

அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொட்டால் 'பணம் கட்டுங்கள்' என்று பக்கம் திறப்பது இன்னொரு தொல்லை. இதற்காக உலக சுகாதார அமைப்பு 2002-ல் ஹினாரி என்ற திட்டத்தைத் தொடங்கி, வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் நாடு முழுவதற்கும் சந்தா கட்டி, காக்ரேன் நூலகத்தை இந்தியர் எவரும் இலவசமாகப் படிக்கும்படி செய்தது. நல்ல காரியம். ஆனால் கனடாவின் சோதனை காட்டியது, கதவைத் திறந்து வைப்பது வேறு, ஆளைத் தேடிப் போய்ச் சொல்வது வேறு என்பதைத்தான்.

அளவுக்கு மிஞ்சினால் அஞ்சலும் நஞ்சுதான். ஒரே அலுவலருக்கு நாளுக்கு இருபது பேர் ஆதாரம் அனுப்பத் தொடங்கினால், எல்லாம் சேர்ந்து படிக்காத குவியலாகிவிடும். கனடாவில் எடுபட்டது மின்னஞ்சல் என்ற கருவியால் மட்டும் இல்லை. யார் எந்த முடிவுக்குப் பொறுப்பு என்று விசாரித்து, அவருக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி, அவருக்கே எழுதிய உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. அந்த உழைப்பைச் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஆராய்ச்சிக்குக் கோடிகளை ஒதுக்கும்போது இந்தச் சில்லறைச் செலவை யாரும் நினைப்பதில்லை.

எனவே, பொதுப் பணத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உங்கள் முடிவு யாருக்குத் தேவைப்படும்? அவருக்கு அதை யார், எப்போது எழுதி அனுப்புவார்கள்? முடிவு மாறினால் மறுபடி எழுதுவது யார் பொறுப்பு? பதில் இல்லாத விண்ணப்பத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது.